காசில்லாமல் ஒரு காசில்!

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்

அயல்நாடு சென்று திரும்பியவர்களிடம் ஒரு பொதுக்குணம் உண்டு. அவர்கள் பயணக் கட்டுரை எழுதாமல் இருக்கமாட்டார்கள். எழுத வராதவர்கள் நேரிலேயே வந்து சொல்லிவிடுவார்கள். எழுதுகிறவர்களிடமிருந்து தப்பிவிடலாம், ஏட்டை மூடினால் போதும். சொல்கிறவர்களிடமிருந்து தப்ப வழியே இல்லை! அவர்கள் பேச்சில் வின்சர் அரண்மனை வரும்; எடின்பரோக் குன்றின் மேலுள்ள கோட்டை வரும்; இலண்டன் கோபுரமும் அங்கே வளர்க்கப்படும் அண்டங்காக்கைகளும் தவறாமல் வரும். அந்தக் காக்கைகள் போய்விட்டால் அரசே கவிழ்ந்துவிடும் என்பது அந்நாட்டு நம்பிக்கையாம். நம் வீட்டுப் பாட்டி காக்கைக்குச் சோறு வைத்தால் மூடநம்பிக்கை. அவர்கள் வைத்தால் மரபு! அது கிடக்கட்டும்.

ஆங்கிலேயர் கோட்டையைக் 'காசில்' என்கிறார்கள். அரசு கலைக் கல்லூரி மாணவனான எனக்கோ அச்சொல்லைக் கேட்டவுடன் 'காசு + இல்' என்று பிரித்துப் பொருள் கொள்ளத்தான் தோன்றுகிறது. தமிழ்ப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க! ஆனால் நண்பர்களே, கடவுச்சீட்டு வேண்டாம், கப்பல் வேண்டாம், விமானம் வேண்டாம். நம் சட்டைப்பையில் இருக்கும் பேருந்துப் பயண அட்டை ஒன்றே போதும். வெள்ளையர் எழுப்பிய காசில்களைக் கண்குளிரக் கண்டு, மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இதைச் சொன்ன மாத்திரத்தில் என் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "நம்மை அடிமைப்படுத்தியவன் விட்டுப்போன கல்லையும் மண்ணையும் நாம் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்?" என்றது ஒரு கட்சி. "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் கட்டினான் பார், இருநூறு வருஷமாக நிற்கிறது! இப்போது கட்டுவது இரண்டு மழைக்குத் தாங்குகிறதா?" என்றது மற்றொன்று. முன்னது கண்ணை மூடிக்கொண்டது. பின்னது கணக்கை மறந்துவிட்டது. என் கருத்து இரண்டுக்கும் இடைப்பட்டதன்று, வேறானது. பார்க்கத்தான் வேண்டும், ஆனால் கையில் கணக்கு நோட்டோடு பார்க்க வேண்டும்.

வாயிற்படியிலேயே வரலாறு

முதலில் நம் கல்லூரி வாயிலுக்கு வாருங்கள். நந்தனம் என்ற பெயர் நேற்று வந்தது. 1952-53 ஆம் ஆண்டு தமிழ் ஆண்டு வரிசையில் நந்தன ஆண்டு. அப்போது முதலமைச்சராக இருந்த இராஜாஜி இப்பகுதிக்கு அந்தப் பெயரைச் சூட்டியதாகச் சொல்வார்கள். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள சாலைகளின் பெயர்கள் அதற்கும் முற்பட்டவை. சேமியர்ஸ் ரோட்டுக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை என்று பெயர் மாறிவிட்டது. இருந்தும் ஆட்டோக்காரர்களுக்கு அது இன்றும் சேமியர்ஸ் ரோடுதான். ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த முதலாண்டு நண்பர் ஒருவர் அதைச் 'சேமியா ரோடு' என்று எண்ணிக்கொண்டு, அங்கே பாயசம் கிடைக்குமா என்று கேட்டார். டர்ன்புல்ஸ் ரோட்டைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

இவற்றுள் சுவையானது தேனாம்பேட்டைப் பக்கமுள்ள செனடாப் ரோடு. செனடாப் என்றால் உடல் இல்லாத கல்லறை. யாருடைய கல்லறை? காரன்வாலிஸ் பிரபுவுடையது. 1781 இல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் வாஷிங்டனின் படைக்குச் சரணடைந்தாரே, அவரேதான்! அங்கே தோற்றவருக்கு இங்கே தலைமை ஆளுநர் பதவி கொடுத்து அனுப்பினார்கள். தேர்வில் தவறியவனைத் தண்டிக்காமல் வகுப்புத் தலைவனாக்கியது போல! அவர் 1805 இல் காசிப்பூரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவருக்காக எழுப்பிய உடலில்லா நினைவு மண்டபம் முதலில் இந்தச் சாலை முனையில் இருந்தது. பின்னர் கடற்கரைப் பக்கம் இடம் பெயர்ந்தது. மண்டபம் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. கல்லறையில் உடல் இல்லை. சாலையில் கல்லறை இல்லை!

சாலையின் மறுபுறம் திரும்பிச் சைதாப்பேட்டைக்கு நடந்தால் அடையாற்றின் மேல் மறைமலையடிகள் பாலம். அதற்கு முன் அங்கிருந்த பழைய பாலம் 1726 இல் கட்டப்பட்டது. கட்டியவன் வெள்ளைக்காரன்தானே என்று அவசரப்படாதீர்கள். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் அது. 'எல்லாம் அவன் கட்டியது' என்ற பேச்சு, நம் கல்லூரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போவதற்குள்ளேயே முறிந்துவிடுகிறது பாருங்கள்.

அடையாற்றங்கரைக் காசில்

இனி உண்மையான காசிலுக்குப் போவோம். சேமியர்ஸ் ரோட்டில் கிழக்கு நோக்கிச் சென்று கிரீன்வேஸ் ரோட்டைப் பிடித்தால் அடையாற்றங்கரையில் இசைக் கல்லூரி வளாகம் வரும். அதற்குள் நிற்கிறது பிராடி காசில். 1796 க்கும் 1798 க்கும் இடையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி ஊழியர் தமக்கென எழுப்பிய மாளிகை. கோட்டை போல வெட்டு வெட்டான கைப்பிடிச் சுவர், கோபுரம் போன்ற முகப்பு. படை எடுத்து வர எவனும் இல்லாத இடத்தில், ஆற்றில் மீன் பிடிப்போரை அஞ்சவைக்கவோ என்னவோ, இப்படி ஒரு கோட்டை! பாவம், பிராடி அதை நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1801 இல் அதே அடையாற்றில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். மயிலாப்பூரில் அவர் பெயரால் வழங்கிய பிராடீஸ் ரோடு இன்று இராமகிருஷ்ண மடம் சாலை.

அவர் காசிலுக்கு நேர்ந்த கதி, கோட்டைகளுக்கு நேரக்கூடிய கதிகளிலெல்லாம் மிக நல்ல கதி. 1949 இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கருநாடக இசைக் கல்லூரி, பின்னாளில் இங்கே குடியேறியது. துரை விருந்து வைத்த இடத்தில் சரளி வரிசை கேட்கத் தொடங்கியது. மாளிகைக்குத் 'தென்றல்' என்றும் பெயர் வைத்தார்கள். பீரங்கி வைத்த கோட்டைகள் பல பாழாயின; மிருதங்கம் வைத்த கோட்டை நிற்கிறது!

இந்தக் காசிலைப் பார்க்க நான் என் தந்தையை அழைத்துப் போனேன். அவர் கொத்தனார். முப்பது ஆண்டுகளாகக் கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்த கை. வாயிலில் சொல்லிவிட்டு உள்ளே போனோம். நான் நூலகத்தில் படித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அவர் என் பேச்சைக் கவனிக்கவில்லை, சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"இதை யார்டா கட்டினது?"

"ஜேம்ஸ் பிராடிப்பா."

"அவன் கொத்தனாரா?"

"இல்லப்பா, கம்பெனி உத்தியோகம்."

"அப்புறம் எப்படி அவன் கட்டினான்னு சொல்ற? கட்டச் சொன்னான்னு சொல்லு."

மூன்றாண்டுகளாக நான் படித்த வரலாற்றில் இவ்வளவு கூர்மையான கேள்வி வரவில்லை. தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று ஒரு பாடம் நடத்துகிறார்கள். கட்டினான் என்பது தன்வினை. கட்டுவித்தான் என்பது பிறவினை. நம் வரலாற்று நூல்கள் முழுவதும் இந்த ஓர் இலக்கணப் பிழை நிரம்பிக் கிடக்கிறது! இராசராசன் பெரிய கோயிலைக் கட்டினான், ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டினான், பிராடி காசிலைக் கட்டினான் என்று எழுதுகிறோம். கட்டியவர்களோ வேறு யாரோ. ஆனால் இராசராசன் தன் கோயிலின் தலைமைத் தச்சன் பெயரையும் பணியாளர் பலர் பெயரையும் கல்லில் வெட்டுவித்தான். கம்பெனியாரின் கல்வெட்டுகளில் அப்படி ஒரு வழக்கத்தை நான் காணவில்லை.

வெள்ளையர்க்கு அந்தக் கைகளின் திறமை தெரியாமல் இல்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை அரைத்து, முட்டையின் வெண்கரு சேர்த்து, பளிங்கு போல் பளபளக்கும்வரை தேய்த்தெடுப்பது சென்னைக் கொத்தனாரின் கைவண்ணம். அதைக் கண்டு வியந்து 'சுனாம்' என்று தங்கள் அகராதியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு ஆங்கில அகராதியில் ஏறியது. சுண்ணாம்பு அரைத்தவன் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை.

கோட்டையில் ஒரு குமாஸ்தா

அடுத்து, புனித ஜார்ஜ் கோட்டை. அண்ணா சாலைப் பேருந்திலும் போகலாம். 2018 முதல் நந்தனத்திலிருந்து மெட்ரோ இரயிலும் ஓடுகிறது. சென்ட்ரலில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். வழியில் தீவுத்திடலருகே சர் தாமஸ் மன்றோ குதிரைமேல் அமர்ந்திருப்பார். 1839 இல் நிறுத்திய சிலை. குதிரைக்கு அங்கவடி இல்லை. கால் வைக்க இடமில்லாமலேயே நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக விழாமல் அமர்ந்திருக்கிறார். மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் பயணம் செய்யும் நம்மவர்களுக்கு அவர்தாம் வழிகாட்டி போலும்!

கோட்டைக்கான நிலத்தை 1639 இல் நாயக்க மன்னரிடமிருந்து பெற்று, 1640 இல் கட்டத் தொடங்கினார்கள். இங்கே 1744 இல் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் எழுத்தர் வேலைக்கு வந்து சேர்ந்தான். ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன். இராபர்ட் கிளைவ் என்று பெயர். குரூப் நான்கு தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கும் நண்பர்கள் மனம் தளர வேண்டாம். எழுத்தர் பதவியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவனே சான்று. எவ்வளவு தூரம் போகக் கூடாது என்பதற்கும் அவனே சான்று!

கிளைவ் 1753 இல் மணம் முடித்த புனித மேரி தேவாலயம் கோட்டைக்குள் இருக்கிறது. 1680 இல் திருநிலைப்படுத்தப்பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடித்த வளைவுக் கூரை. ஆண்டவனை நம்பினாலும் பிரெஞ்சுக்காரனை நம்பவில்லை என்பது தெரிகிறது. முற்றம் முழுவதும் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். பயப்படாதீர்கள், அடியில் எவரும் இல்லை. இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கமிருந்த பழைய இடுகாட்டின் கற்கள் அவை. 1758-59 முற்றுகையின்போது அந்தக் கல்லறைகளின் பின்னால் பிரெஞ்சுப் படையினர் மறைந்துகொண்டார்களாம். முற்றுகை முடிந்தபின் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். இறந்தவர்கள் அங்கே, முகவரி இங்கே!

அதே தேவாலயத்தின் முதல் திருமணம் எலிகு யேல் என்பவருடையது. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். ஊழல் குற்றச்சாட்டில் பதவி இழந்தவர். இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய கொடிய வாணிகமும் அந்நாளில் நடந்தது. பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பிய யேல், 1718 இல் அமெரிக்காவிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், அரசரின் படமும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. இன்று உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம் அதுவே. அடிமை முறையோடு தன் தொடக்ககாலத் தலைவர்களுக்கு இருந்த தொடர்புக்காக 2024 இல் அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த செல்வம் இங்கே சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் தறி நெய்தவனுக்கும், துணி வெளுத்தவனுக்கும், மூட்டை சுமந்தவனுக்கும் அதில் பங்கு இல்லையா? கணக்கு நோட்டு வேண்டுமென்று நான் சொன்னது இதற்காகத்தான்.

கோட்டை அருங்காட்சியகத்தில் செனடாப் ரோட்டு நண்பர் காரன்வாலிஸ் பளிங்குச் சிலையாக நிற்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். சிலையின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கீழே பீடத்தைப் பாருங்கள். 1792 இல் திப்பு சுல்தானின் சிறுவயது மைந்தர் இருவரைப் பிணையாகப் பெற்ற காட்சி செதுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளைப் பிணை வைத்துப் பெற்ற வெற்றிக்கு ஒரு பளிங்குச் சிலை! அதே அருங்காட்சியகத்தில்தான் 1947 ஆகஸ்டு 15 விடியற்காலையில் இக்கோட்டையில் ஏறிய மூவண்ணக் கொடியும் இருக்கிறது. அந்தப் பீடத்தையும் இந்தக் கொடியையும் ஒரே நாளில் பார்ப்பவனுக்கு நூறு பக்கப் பாடம் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

பெயரில் சிரிக்கும் நகரம்

சென்னை மக்கள் வெள்ளையரைப் போரில் வென்றார்களோ இல்லையோ, பெயரில் வென்றுவிட்டார்கள். ஐதர் அலிக்கு அஞ்சி நகரைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனியார், செலவை மக்களிடம் வரியாகப் பெற எண்ணினர். வரி வசூலாகவே இல்லை. 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் தங்கியது. கட்டாத வரிக்கு ஒரு நினைவுச் சின்னம் வேறெந்த ஊரிலாவது உண்டா? அந்த மதிலில் எஞ்சிய ஒரு துண்டின் மேல் இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப்பூங்கா இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் குண்டு வீசிப் போன ஜெர்மன் கப்பல் எம்டனையும் நாம் விடவில்லை. கெட்டிக்கார ஆசாமி எவனாயினும் அவன் நமக்கு 'எம்டன்'தான்.

கால்வாயின் மேல் ஹாமில்டன் என்ற பெயரில் ஒரு வாராவதி இருந்தது. மக்கள் வாயில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று. பிறகு வந்த ஆங்கிலேயர் இதுதான் உண்மைப் பெயர் போலும் என்று எண்ணி, முடிதிருத்துவோர் பாலம் என்று பொருள்படத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். துரையின் பெயர் துரைமாருக்கே தெரியாமல் போயிற்று! இன்று அப்பாலம் அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்குகிறது. சாதியின் பெயராய்த் திரிந்த ஒன்று, சாதியை எதிர்த்தவர் பெயரால் நிமிர்ந்தது. எனக்குப் பிடித்த வரலாற்றுச் சின்னம் எது என்று கேட்டால், கோபுரமும் மதிலும் இல்லாத இந்தப் பாலத்தைத்தான் சொல்வேன்.

அவர்கள் கோட்டையில் நம் பொருள்

நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் பிரிட்டனுக்கும் போய்த்தான் வாருங்கள். வேல்ஸ் நாட்டில் பாவிஸ் காசில் என்று ஒன்று இருக்கிறது. கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். அவர் மணந்த பெண்ணின் குடும்பக் கோட்டை அது. அங்கே திப்புவின் கூடாரம் இருக்கிறது. இலண்டன் கோபுரத்தில் கோகினூர் வைரம் இருக்கிறது. நம்மிடமிருந்து போனதைப் பார்க்க நாமே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்! அவர்கள் கோட்டைகளில் நம் செல்வம். நம் கோட்டைகளில் அவர்கள் கல்லறைக் கற்கள். இந்தப் பண்டமாற்றில் யார் இலாபம் அடைந்தார்கள் என்பதைப் பொருளியல் துறை நண்பர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இடித்துவிடலாமா? கூடாது என்பதே என் துணிபு. எதை அகற்றுவது, எங்கே வைப்பது என்பதை நம் முன்னோர் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1857 எழுச்சியைக் குரூரமாக அடக்கிய நீல் என்பவனின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927 இல் தொண்டர்கள் அதை எதிர்த்துச் சிறை சென்றார்கள். 1937 இல் இராஜாஜி அரசு அதை அகற்றியது. உடைக்கவில்லை, அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தெருவில் நின்றபோது அது பெருமை. அருங்காட்சியகத்தில் நிற்கும்போது அது சாட்சி.

சாட்சிகளை நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை. 1900 இல் திறந்த மூர் மார்க்கெட் 1985 இல் எரிந்துபோனது. நம் பேராசிரியர்களுள் மூத்தவர்கள் அங்கே பழைய புத்தகம் வாங்கிப் படித்தவர்கள். அவர்களைக் கேட்டால் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். நமக்கோ பெருமூச்சு விடவும் நினைவில்லை. இடியாமல் எஞ்சியவை பெரும்பாலும் எவராவது குடியிருந்து பயன்படுத்துபவையே. காசிலில் பாட்டு நடந்தது, அது பிழைத்தது. கோட்டையில் சட்டமன்றம் நடக்கிறது, அதுவும் பிழைத்தது. அந்தக் கோட்டையில் விடுதலை நாளன்று ஆளுநரே கொடியேற்றி வந்தார். 1974 இல் மு. கருணாநிதி ஏற்றியது முதல் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர் கைக்குக் கயிறு வர, விடுதலைக்குப் பின்னும் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் பாடி, எவ்வளவு மாண்புள்ள அரணாயினும் உள்ளிருப்போர் செயலில் மாண்பு இல்லையேல் அது பயனற்றது என்று முடித்தார். அன்று உள்ளிருந்தவர்க்கும் இன்று இருப்பவர்க்கும் அது பொருந்தும்.

ஆகவே நம் துறைக்கு ஒரு வேண்டுகோள். வரலாற்று மாணவன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஒரு பழைய கட்டடத்தை எடுத்துக்கொள்ளட்டும். நேரில் போய்ப் பார்த்து, தமிழில் இரண்டு பக்கம் எழுதட்டும். யார் கட்டுவித்தார், யார் பணம், எந்தச் சுண்ணாம்பு, இன்று யார் அதைப் பெருக்கித் துடைக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அவற்றைத் தொகுத்து நம் நூலகத்தில் வைப்போம். பத்தாண்டுகளில் சென்னைக்கு நாமே எழுதிய ஒரு வரலாறு கிடைக்கும். செலவு? காசில்!

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். வரும் தேர்வில் 'புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியவர் யார்?' என்று வினாத்தாளில் வந்தால், எங்களில் சிலர் 'சென்னைக் கொத்தனார்களும் சித்தாள்களும்' என்று விடை எழுதக்கூடும். முழு மதிப்பெண் வேண்டாம். பாதியாவது போட்டுவிடுங்கள்!